எத்தனை சென்டிமீட்டர் மழை என்பது பாதிக் கேள்விதான்

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே மாதிரி மெசேஜ்தான் ஓடும். மீனம்பாக்கத்துல இத்தனை சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்துல இத்தனை சென்டிமீட்டர், நாளைக்கு ஆரஞ்சு அலர்ட், காலேஜ் லீவா இல்லையா. ஆனா அந்த நம்பரைப் பார்க்கும்போது நம்ம மனசுல ஓடுற கேள்வி வேற. தண்ணி நம்ம தெருவுக்கு வருமா? வந்தா எந்தப் படி வரைக்கும் ஏறும்? பைக்கை எங்கே நிறுத்தணும்?

சென்டிமீட்டர் கணக்கு இதுக்கு நேரடியா பதில் சொல்லாது. வானத்துல இருந்து விழுற தண்ணிக்கும் வாசப்படியில நிக்கிற தண்ணிக்கும் நடுவுல ஒரு நீளமான கணக்கு இருக்கு. அதைத்தான் வெள்ள மாடலிங்னு சொல்றோம். நான் சிவில் ஃபைனல் இயர், என் ப்ராஜெக்ட்டும் இதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஈசிஇ நண்பர்களே, பக்கத்தை மூடிடாதீங்க. ஆஃபர் லெட்டர் கையில வந்ததும் வேளச்சேரியிலயும் ஓஎம்ஆர்லயும் ரூம் தேடப்போறது பெரும்பாலும் நீங்கதான். அதனால அந்தப் பக்கத்து ஓடை ஒன்றையே உதாரணமா எடுத்துக்கலாம்.

ஒக்கியம் மடுவு: ஒரே ஒரு வாசல்

தென்சென்னை மேப்பைத் திறந்து பாருங்க. வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பெரும்பாக்கம்னு 30-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கு. ஒண்ணு நிரம்பினா அடுத்ததுக்கு, அது நிரம்பினா அதுக்கடுத்ததுக்குன்னு வழிஞ்சு கடைசியில எல்லாத் தண்ணியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து சேரும். இந்த மொத்த நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 250 சதுர கிலோமீட்டர்.

இவ்வளவு பெரிய பரப்புல விழுந்த தண்ணி சதுப்பு நிலத்துல இருந்து வெளியே போற முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. துரைப்பாக்கம் பக்கத்துல ஓஎம்ஆரைக் கடந்து பக்கிங்ஹாம் கால்வாயில சேருது. அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போய், முட்டுக்காடு முகத்துவாரம் வழியா கடலுக்குப் போகுது. ஓஎம்ஆர்ல பஸ்ஸில போறப்போ அந்தப் பாலத்தை நீங்க பலமுறை கடந்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பக்கிங்ஹாம் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டுல படகுப் போக்குவரத்துக்காக வெட்டினது. படகுக்குச் சரிவு தேவையில்லை. கடற்கரைக்கு இணையா ஓடுற கால்வாய்க்கு இயற்கையாவும் சரிவு கிடைக்காது. வெள்ளம் வடியுறதுக்குத் தேவையான முதல் விஷயமே சரிவுதான். அதாவது சரக்குப் படகுக்குப் போட்ட ரோட்டை இப்போ நாம வடிகாலா பயன்படுத்திட்டு இருக்கோம்.

முதல் கணக்கு: மழையில எவ்வளவு ஓடும்?

பெய்த மழை எல்லாம் ஓடையில வராது. கொஞ்சம் மண்ணுக்குள்ள போகும், கொஞ்சம் பள்ளத்துல தேங்கும், மிச்சம்தான் ஓடும். இதைக் கணக்குப் போட 1950-களில் அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை உருவாக்கின 'வளைவு எண்' முறை இன்னைக்கும் பயன்படுது. நல்லா உறிஞ்சுற நிலத்துக்குக் குறைவான எண், கான்கிரீட் மாதிரி உறிஞ்சாத நிலத்துக்கு 100-க்குப் பக்கத்துல. வளைவு எண் 70 உள்ள ஒரு புறநகரையும், 90 உள்ள கட்டடம் நெருங்கின ஒரு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

100 மி.மீ. மழை பெய்தா, முதல் இடத்துல 33 மி.மீ. ஓடும், இரண்டாவது இடத்துல 73 மி.மீ. ஓடும். இரண்டு மடங்குக்கும் மேல வித்தியாசம்.

300 மி.மீ. பெய்தா, முதல் இடத்துல 200 மி.மீ., இரண்டாவதுல 269 மி.மீ. வித்தியாசம் மூணுல ஒரு பங்குதான்.

இது எனக்கு முதல்ல ஆச்சரியமா இருந்துச்சு. 'கான்கிரீட் போட்டதாலதான் வெள்ளம்'னு நாம எல்லாரும் சொல்றோம். சாதாரண மழைக்கு அது ரொம்பச் சரி. ஆனா பேய்மழையில மண்ணும் ஒரு கட்டத்துல கையை விரிச்சிடும். அதுவும் ஏற்கெனவே ஊறிப்போன மண்ணா இருந்தா இன்னும் சீக்கிரம். 2015 நவம்பர்ல மட்டும் சென்னையில 100 செ.மீ.க்கு மேல மழை பெய்திருந்துச்சு. டிசம்பர் 1-ஆம் தேதி பெருமழை வந்தப்போ மண்ணுல இடமே இல்லை, ஏரியிலயும் இடம் இல்லை. அன்னைக்குத் தாம்பரத்துல 49 செ.மீ. பதிவாச்சு.

ஆக, பெரிய வெள்ளத்துல மண் எவ்வளவு குடிக்கும்ங்கிறது பின்னாடி போயிடும். இரண்டு கேள்விகள் முன்னாடி வரும்: தண்ணி நிக்க எவ்வளவு இடம் இருக்கு? வெளியே போக எவ்வளவு பெரிய வழி இருக்கு?

இரண்டாவது கணக்கு: நிக்கிற இடம்

இதுக்கு சாஃப்ட்வேரே வேண்டாம், கால்குலேட்டர் போதும். 250 சதுர கிலோமீட்டர்ல 200 மி.மீ. தண்ணி ஓடுதுன்னு வெச்சுக்குவோம். பெருக்கினா 5 கோடி கன மீட்டர். மேலே இருக்கிற ஏரிகள் ஏற்கெனவே நிரம்பி வழியுதுன்னா இது பூராவும் சதுப்பு நிலத்தை நோக்கி வரும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்துல சுமார் 5,000 ஹெக்டேர், அதாவது 50 சதுர கிலோமீட்டர் இருந்ததா பொதுவா சொல்வாங்க. அந்தப் பரப்புல 5 கோடி கன மீட்டரைப் பரப்பினா ஆழம் எவ்வளவு வரும்? சரியா 1 மீட்டர். நாணலும் நத்தையும் இருக்கிற சதுப்பு நிலத்துக்கு ஒரு மீட்டர் தண்ணி ஒரு பிரச்சனையே இல்லை. அதோட வேலையே அதுதான்.

2022-ல ராம்சார் தளமா அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதுல அதே தண்ணியை ஊத்தினா? 4 மீட்டர். ஒரு மாடி வீட்டு உயரத்தையே தாண்டும். நிஜத்துல 4 மீட்டர் நிக்காது, ஏன்னா தண்ணிக்கு எல்லைக்கல் தெரியாது. தனக்குப் பழைய 50 சதுர கிலோமீட்டரா இருந்த இடத்துக்கே திரும்பிப் போகும். அங்கே இப்போ குப்பைமேடு, 200 அடி ரோடு, அபார்ட்மென்ட், ஆஃபீஸ், கல்வி நிறுவனம் எல்லாம் இருக்கு.

இனி வெளியே போற வழி. கணக்குக்காக மடுவு வழியா நொடிக்கு 100 கன மீட்டர் போகுதுன்னு வெச்சுக்குவோம். 5 கோடியை 100-ஆல் வகுத்தா 5 லட்சம் நொடி. நாளா மாத்தினா கிட்டத்தட்ட 6 நாள். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் நகர்ந்து போய் வெயில் அடிச்ச பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் ஏன் நாள்கணக்கா தண்ணி நின்னுச்சுன்னு பலர் கேட்டாங்க. நான் போட்டது தோராயமான கணக்குதான். ஆனா 'மழை விட்டு ரெண்டு நாள் ஆச்சே, இன்னும் வடியலையே'ன்னு கேக்கிறதுக்கு அது ஒரு பதில். அந்த வாசல்ல வடிய அவ்வளவு நேரம் ஆகும்.

மூணாவது கணக்கு: ஓட்டத்துல இருந்து மட்டம்

இதுதான் எங்க துறையோட தினசரிச் சோறு. ராபர்ட் மேனிங்ங்கிற அயர்லாந்து இன்ஜினியர் 1889-ல் முன்வெச்ச ஒரு சூத்திரம், இன்னைக்கும் உலகம் முழுக்க ஓடைகளுக்குப் பயன்படுது. ஆழத்தைவிட அகலம் ரொம்ப அதிகமா இருக்கிற ஓடைக்கு அதைச் சுருக்கினா இப்படி வரும்:

ஆழம் = [ (ஓட்டம் × உரசல் எண்) ÷ (அகலம் × சரிவின் வர்க்கமூலம்) ] இதன் 0.6-ஆவது அடுக்கு

உரசல் எண்ணுன்னா ஓடையோட தரையும் கரையும் தண்ணியை எவ்வளவு இழுத்துப் பிடிக்குதுங்கிறதுக்கான எண். சுத்தமா தூர்வாரின மண் கால்வாய்க்குச் சுமார் 0.03. ஆகாயத்தாமரையும் புதரும் மண்டிக் கிடந்தா 0.06, அதுக்கு மேலயும் போகும்.

இப்போ ஒரு கால்வாய் எடுத்துக்குவோம். அகலம் 50 மீட்டர், சரிவு 10,000-க்கு 1, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 10 சென்டிமீட்டர். ஓட்டம் நொடிக்கு 100 கன மீட்டர், உரசல் எண் 0.03. போட்டா ஆழம் 2.9 மீட்டர். இனி ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க.

மழை கூடி ஓட்டம் 200 ஆச்சு: ஆழம் 4.4 மீட்டர்.

மழை அதே அளவு, ஆனா ஆகாயத்தாமரை மண்டி உரசல் 0.06 ஆச்சு: ஆழம் 4.4 மீட்டர்.

மழையும் அதே, செடியும் இல்லை, ஆனா ஆக்கிரமிப்போ பாலமோ கட்டுமானக் குப்பையோ அகலத்தை 25 மீட்டர் ஆக்கிடுச்சு: அதுவும் 4.4 மீட்டர்.

மூணுக்கும் ஒரே விடை வர்றது தற்செயல் கிடையாது. சூத்திரத்தைத் திரும்பப் பாருங்க, மழையும் செடியும் அகலமும் ஒரே பின்னத்துக்குள்ள உட்கார்ந்திருக்கு. தண்ணிக்கு இந்த மூணுக்கும் வித்தியாசம் தெரியாது. தூர்வாராத கால்வாய்ல பெய்யுற மழை, இரண்டு மடங்கு மழை மாதிரி நடந்துக்கும். 'வரலாறு காணாத மழை'ன்னு டிவியில சொல்றப்போ வானத்தைப் பார்க்கிறோம். பின்னத்துல மிச்சம் இருக்கிற எண்கள் எல்லாம் நம்ம கையில இருக்கு.

நாலாவது கணக்கு: கடல் என்ன சொல்லுது?

அந்தப் பின்னத்துல சரிவைப் பத்தி இன்னும் பேசலை. மலையோர ஓடையில சரிவுன்னா தரையோட சரிவு. ஒக்கியம் மடுவு மாதிரி தட்டையான இடத்துல கணக்குக்கு வர்றது தண்ணி மட்டத்தோட சரிவு. அதோட மேல்முனை சதுப்பு நிலத்துல, கீழ்முனை கடல்ல.

15 கிலோமீட்டர் தூரத்துல 10,000-க்கு 1 சரிவு வேணும்னா, சதுப்பு நிலத்துத் தண்ணி கடலைவிட 1.5 மீட்டர் உயரத்துல இருக்கணும். சென்னைக் கடற்கரையில ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமி சமயத்துல ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர். புயல் வந்தா காத்து தண்ணியைக் கரைப்பக்கம் தள்ளும், கடல் இன்னும் கொஞ்சம் ஏறும். ரெண்டும் சேர்ந்து கடல் முக்கால் மீட்டர் ஏறிடுச்சுன்னா, 1.5 மீட்டர் வித்தியாசம் பாதியாகும். சரிவு பாதியானா ஓட்டம் அதோட வர்க்கமூலத்துல குறையும். 100 கன மீட்டர் போன இடத்துல 71-தான் போகும். முகத்துவாரத்துல மணல்திட்டு அடைச்சிருந்தா கதை இன்னும் மோசம்.

கவனிங்க, புயலும் பெருமழையும் ஏறின கடலும் ஒரே நாள்ல வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். ஏன்னா மூணுக்கும் காரணம் ஒரே புயல்தான். அதனாலதான் மாடல் போடுறவங்க 'கீழ் எல்லை நிபந்தனை'ன்னு ஒண்ணைத் தனியா கொடுக்கணும். கடல் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு நாம சொல்லாம மாடலால எதுவும் சொல்ல முடியாது. சராசரி கடல் மட்டத்தைக் கொடுத்தா மேப் அழகா வரும், உங்க தெருவும் காய்ஞ்சு கிடக்கும்.

கம்ப்யூட்டர் எங்கே வருது?

நான் இதுவரைக்கும் போட்டது எல்லாம் சீரான ஓட்டத்துக்கான கணக்கு. நிஜ ஓடையில ஒவ்வொரு இடத்துலயும் அகலம் மாறும், நேரம் ஆக ஆக ஓட்டம் மாறும், ஓதம் எதிர்த்து வரும். அதுக்கு 1871-ல் வெளிவந்த செயின்ட்-வெனான்ட் சமன்பாடுகள் இருக்கு. ஒண்ணு 'உள்ளே வந்த தண்ணியும் வெளியே போன தண்ணியும் கணக்கு டேலி ஆகணும்'னு சொல்றது. இன்னொண்ணு நியூட்டனோட இரண்டாவது விதி, தண்ணிக்காக எழுதினது. கையால தீர்க்க முடியாது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையோட ஹெக்-ராஸ் மாதிரி சாஃப்ட்வேர் ஓடையைத் துண்டு துண்டா வெட்டி, சில நொடிக்கு ஒரு தடவை இதைத் தீர்க்கும். இலவசம்தான், உங்க லேப்டாப்பிலயே ஓடும். கால்வாய்க்கு ஒருபரிமாணம் போதும். சதுப்பு நிலம் மாதிரி தண்ணி நாலாபக்கமும் பரவுற இடத்துக்கு இருபரிமாணம் வேணும்.

ஆனா சாஃப்ட்வேரைவிடப் பெரிய தலைவலி தரை உயரம். இணையத்துல இலவசமா கிடைக்கிற எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000-ல விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார் வெச்சு எடுத்தது. சுமார் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு உயரம். அதுல பிழையே சில மீட்டர் இருக்கும், மரத்தோட தலையையும் மொட்டைமாடியையும் தரைன்னு எடுத்துக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அது ஓகே. இங்கே தரையே கடல் மட்டத்துக்கு மேல சில மீட்டர்தான். முழங்கால் அளவு தண்ணியைக் கண்டுபிடிக்க, ஆள் உயரத்துக்குத் தப்பு விடுற டேப்பைப் பயன்படுத்துற மாதிரி ஆகிடும். ட்ரோன், லைடார், இல்லைன்னா நம்ம சர்வே லேப் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும்தான் வழி.

சுவத்துக் கறைதான் சாட்சி

மாடல் சரியான்னு எப்படித் தெரியும்? பெரிய ஆறுகள்ல மட்டம் அளக்கிற நிலையங்கள் இருக்கும். சின்ன ஓடைகளுக்கு அநேகமா இருக்காது. அப்போ கிடைக்கிற ஒரே சாட்சி, வெள்ளம் வடிஞ்ச பிறகு சுவத்துல நிக்கிற கறை.

ப்ராஜெக்ட்டுக்காக நாங்க நாலு பேரு ஸ்டாஃபைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா போனப்போ, ஒரு மளிகைக்கடை அம்மா ஷட்டர் பக்கத்துல இருந்த கறையைக் காட்டினாங்க. பெயிண்ட் அடிச்சும் மேலே தெரியுது. நாங்க லெவல் எடுத்து முடிக்கிற வரைக்கும் பார்த்துட்டே இருந்துட்டு, "ஏம்மா, இதுக்கு மேல ஏறுமா, ஏறாதா? ஃப்ரிட்ஜை எவ்ளோ உயரத்துல தூக்கி வைக்கணும்னு மட்டும் சொல்லு, போதும்"னு கேட்டாங்க. வெள்ள மாடலிங் பாடப்புத்தகத்துக்கு இதைவிடத் தெளிவா யாரும் முன்னுரை எழுத முடியாது. அவங்களுக்குக் கன மீட்டர் வேண்டாம். தரையில இருந்து எத்தனை அடின்னு ஒரு எண் வேணும்.

அந்த எண்ணை ஒரு கறையை மட்டும் வெச்சு நம்பிக்கையா சொல்ல முடியாது. காரணம் அதே பின்னம்தான். மழையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டு, உரசலைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாலும் கம்ப்யூட்டர் அதே கறையில கொண்டுவந்து நிறுத்தும். விடை சரி, காரணம் தப்பு. அடுத்த வெள்ளத்துல மாட்டிக்கும். அதனால ஒரு வெள்ளத்தை வெச்சு எண்களைச் சரிபண்ணி, இன்னொரு வெள்ளத்தை வெச்சுச் சோதிக்கணும். 2015-ல சரிபண்ணினா 2023-ல சோதிக்கலாம். அதுலயும் ஒரு சிக்கல்: அந்த எட்டு வருஷத்துல ஊரே மாறிடுச்சு. புது ரோடு, புது அபார்ட்மென்ட், புதுக் கட்டுமானம். மாடலையும் அந்தந்த வருஷத்து ஊருக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். இவ்வளவும் பண்ணி அரை அடி, ஒரு அடி வித்தியாசத்துக்குள்ள வந்தாலே அது நல்ல மாடல்.

'நூறு வருஷத்துக்கு ஒரு தடவை'ன்னா என்ன?

இந்த வார்த்தையை நம்ம ஊர்ல தப்பாப் புரிஞ்சுக்கிறோம். 2015-ல வந்துடுச்சு, இனி 2115-ல தான்னு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது. நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தா அந்த வெள்ளத்தை ஒரு தடவையாவது பார்க்கிற வாய்ப்பு சுமார் 4 சதவீதம். 20 வருஷ ஹோம் லோன் போட்டு வீடு வாங்கினா, லோன் முடியறதுக்குள்ள 18 சதவீதம். பகடை உருட்டி ஒரு குறிப்பிட்ட எண் விழுற வாய்ப்பைவிட அதிகம்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. நூறு வருஷ மழையும் நூறு வருஷ வெள்ள மட்டமும் ஒண்ணு இல்லை. மேலே பார்த்தோமே, செடி மண்டின கால்வாய் மழையை இரண்டு மடங்காக் காட்டும்னு. அப்போ பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழையே, தூர்வாராத வருஷத்துல, ஓதம் ஏறின ராத்திரியில, நூறு வருஷ மட்டத்தைத் தொட்டுடலாம். மழை அபூர்வம், வெள்ளம் சாதாரணம்னு ஆகிடும்.

யாருக்கு இது முக்கியம்?

2015-க்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையோரம் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பாதுகாப்புக்குன்னு சொல்லி பெரும்பாக்கம் மாதிரி இடங்களுக்கு மாத்தினாங்க. பெரும்பாக்கம் எங்கே இருக்குன்னு மறுபடி மேப்பைப் பாருங்க. நாம இதுவரைக்கும் கணக்குப் போட்ட அதே நீர்ப்பிடிப்புக்குள்ள, சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல. ஒரு ஓடையோட வெள்ளத்துல இருந்து காப்பாத்தி இன்னொரு ஓடையோட வெள்ளத்துக்குப் பக்கத்துல குடிவெச்ச மாதிரி. மட்டம்ங்கிற எண்ணைப் பார்க்காம எடுத்த முடிவுக்கு யார் வாசல்ல தண்ணி நிக்கும்னு இதுல இருந்தே தெரியும். மேல்மாடி வாடகை கொடுக்க முடிஞ்சவங்க மேலே போயிடுவாங்க.

ஒரு மாடல்ல உரசல் எண் 0.03-ஆ 0.06-ஆன்னு டைப் பண்றது ஒரு நொடி வேலை. ஆனா 0.03-னு டைப் பண்றதுக்கு என்ன அர்த்தம்? 'இந்தக் கால்வாயை ஒவ்வொரு அக்டோபருக்கும் முன்னாடி யாராவது நிச்சயமா தூர்வாருவாங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுற மாதிரி. அந்த வேலை நடக்கலைன்னா மேப்ல நீலம் இல்லாத தெருவுக்கும் டிசம்பர்ல தண்ணி வரும். நாளைக்கு நம்மள்ல சிலர் ஏதோ ஒரு ஆஃபீஸ்ல உட்கார்ந்து இந்த எண்ணை டைப் பண்ணப்போறோம். சிவில் ஜூனியர்ஸ், இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: கால்வாய் டிசைன்ல எப்படி இருக்குன்னு பார்த்து எண் போடாதீங்க. டிசம்பர்ல எப்படி இருக்கும்னு போய்ப் பார்த்துட்டு வந்து போடுங்க.

மத்தவங்களுக்கு, வெள்ள மேப் ஒண்ணு கையில கிடைச்சா, இல்லை புரோக்கர் "இங்கே தண்ணியே நிக்காது சார்"னு சொன்னா, கேக்கிறதுக்கு நாலு கேள்வி:

1. எவ்வளவு மழைக்கு, எத்தனை மணி நேரத்துக்குப் போட்ட கணக்கு? நூறு வருஷம்னு சொன்னா மழைக்கா, மட்டத்துக்கா?

2. கால்வாய் சுத்தமா இருக்குன்னு வெச்சுப் போட்டதா, இப்போ இருக்கிற நிலையில போட்டதா?

3. கடல் எந்த உயரத்துல இருந்ததா எடுத்திருக்காங்க?

4. எந்த வருஷக் கறையோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க?

புரோக்கருக்கு முதல் மூணும் புரியாது, பரவாயில்லை. நாலாவது மட்டும் தெருவுல நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம். கிரவுண்ட் ஃப்ளோர் ரூமுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துக் கடையில ஒரு டீ சொல்லிட்டு, "அண்ணா, 2015-க்கும் மிக்ஜாமுக்கும் இங்கே எதுவரைக்கும் வந்துச்சு?"ன்னு கேளுங்க. அவர் கையை வெச்சுக் காட்டுற உயரத்தை டேப் வெச்சு அளந்துக்கோங்க. அப்புறம் ரூம்ல பிளக் பாயின்ட் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க.